தரவிறக்கிய படமும் தொலைந்த பத்து விநாடிகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ மூட்டுவலியைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நினைப்பீர்கள். செயலாளரும் அதைத்தான் கேட்டிருந்தார். எங்கள் வகுப்பினர் கூடிக் கதைத்து, வேறொரு தொற்றைப் பற்றிப் பேசுவதென முடிவெடுத்தோம். இணையத்தில் இருந்து படங்களைத் தரவிறக்கும்போது கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்துவிடுகின்ற தீநிரல்களைப் பற்றியது அது. சென்ற வருடம் எங்களுக்கு நடந்த ஒன்றை உங்கள் முன் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது. யாருடைய கையால் நடந்தது என்பதைச் சொல்லமாட்டோம். எங்களில் எவருக்கும் நடந்திருக்கக்கூடியது என்பதால் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும்.

நூற்றாண்டை முன்னிட்டு மூத்த பழைய மாணவிகளின் நினைவுகளைக் குரலிலே பதிந்து வைப்பதென்பது எங்கள் வகுப்பு ஏற்றுக்கொண்ட வேலை. 1940களில் கீழ்ப்பிரிவில் படித்த அம்மா ஒருவர் தொடக்கம், நாங்கள் சேர்ந்த வருடத்தில் இளைப்பாறிய ரீச்சர்மார் வரை 37 பேரிடம் பேசினோம். சட்டைப் பையில் வைக்கக்கூடிய சிறிய பதிகருவிகள் மூன்று வாங்கி, ஆளுக்கொரு திசையாகப் போய்ப் பதிந்து வந்தோம். ஒவ்வொருவரும் முதலிலே தன் பெயரையும் எந்த வருடம் பாடசாலைக்கு வந்தார் என்பதையும் சொல்லி, அதற்குப் பிறகே கதைக்கத் தொடங்கவேண்டும் என்பது நாங்கள் வைத்த ஒழுங்கு. அதைப் பெரிய கெட்டித்தனம் என்றுகூட நினைத்திருந்தோம். பதிவுகளுக்குப் பெயர் வைக்கவில்லை. கருவி போட்ட இலக்கத்தையே விட்டுவிட்டு, எந்த இலக்கம் யாருடையது என்று ஒரு எக்செல் அட்டவணையில் எழுதினோம். பழைய அல்பங்களில் இருந்து பிரதி எடுத்த ஒளிப்படங்களும், பதிவுகளும், அட்டவணையும் எங்களில் ஒருவரின் மடிக்கணினியில் சேர்ந்தன. கூடவே ஒரு வெளி வன்தட்டில் இன்னொரு பிரதி. பதிகருவிகளை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டோம்.

அந்த மடிக்கணினி இருந்த வீட்டில் படுக்கையில் ஒரு தாய். அந்தக் கிழமைதான் இந்தியாவில் திரைக்கு வந்திருந்த ஒரு படத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். திரையரங்குக்குக் கூட்டிப்போகும் நிலையில் அவர் இல்லை. மகள் இணையத்தில் தேடினார். படத்தின் சுவரொட்டியோடு ஒரு பக்கம் வந்தது. 'தரவிறக்கு' என்று நாலைந்து பொத்தான்கள், எது உண்மையானது என்று தெரியாதபடி. ஒன்றை அழுத்த வேறொரு பக்கம், அதிலிருந்து இன்னொன்று, கடைசியில் ஒரு ஸிப் கோப்பு இறங்கியது. அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அந்தக் கடவுச்சொல்லும் பக்கத்திலேயே எழுதியிருந்தது. 'அன்ரிவைரஸ் தவறாக எச்சரிக்கலாம், படம் ஓடும்வரை அதை நிறுத்தி வையுங்கள்' என்று ஒரு குறிப்பும் இருந்தது. அவர் நிறுத்தினார்.

சகோதரிகளே, இதைக் கேட்டு நீங்கள் தலையில் கைவைக்கிறீர்கள். நாங்களும் வைத்தோம். ஆனால் அம்மாவின் ஆசைக்கு அவசரப்படுகின்ற எவருக்கும், அந்தக் குறிப்பு ஒரு உதவிக் குறிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அந்த ஸிப்புக்கு ஏன் கடவுச்சொல் என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அன்ரிவைரஸாலும் பார்க்கமுடியாது. பூட்டைத் திறக்கும் வேலையை எங்கள் கையாலேயே செய்விக்கிறார்கள். உள்ளே படத்தின் பெயரோடு, படம் ஓட்டும் செயலியின் சின்னத்தோடு ஒரு கோப்பு. பெயரின் முடிவில் எம்.பி.4 என்று இருந்தது. அதற்குப் பின்னால் ஈ.எக்ஸ்.ஈ என்று இன்னொரு வால் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை. விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் கடைசி வாலை வழமையாக மறைத்தே காட்டும். இது பழைய தந்திரம். 2000 ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸும் காதற் கடிதம் என்ற பெயரோடு, டி.எக்ஸ்.டி என்ற வாலைக் காட்டி, உண்மையான வாலை மறைத்துத்தான் வந்தது. அப்போது பல்கலைக்கழகக் கணினிகளில் மின்னஞ்சல் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தோம். இருபத்தைந்து வருடமாகியும் நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

படம் ஓடவில்லை. சற்று நேரத்தில் திரையில் 'விண்டோஸ் அப்டேற்' என்று ஒரு சட்டம் வந்தது. "அம்மா, கொம்பியூட்டர் அப்டேற் ஆகுது, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சமையலுக்குப் போனார். அது அப்டேற் அல்ல. உள்ளே கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும்போது கணினி மெதுவாகுமல்லவா, அதை நாங்கள் சந்தேகிக்காமல் இருக்கப் போடப்பட்ட திரை. காலையில் பார்த்தால் எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் பொருளில்லாத நான்கு எழுத்துகள். ஒவ்வொரு உறையிலும் ஒரு கடிதம். 980 அமெரிக்க டொலர் கட்டினால் திறப்புத் தருவோம். 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490.

கப்பம் கேட்கும் இந்தத் தீநிரற் குடும்பத்துக்கு 'ஸ்டொப்' என்றும் 'டிஜேவு' என்றும் பெயர். 2018 தொடக்கம் உலாவுகிறது. பெரிய கம்பனிகளை அது தேடிப்போவதில்லை. வீட்டுக் கணினிகளைத்தான் பிடிக்கும், அதுவும் பெரும்பாலும் திருட்டு மென்பொருளையும் இலவசப் பதிவுகளையும் தேடுகின்றவர்களை.

இனி வைத்தியர்களாகிய எங்களுக்குப் பழக்கமான ஒரு காட்சியைச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் சிறுபிள்ளைகள் விடுதிகளில் வேலை செய்த எவருக்கும் அது தெரியும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு வருகின்ற பிள்ளை. பிள்ளையில் பிழையில்லை, போத்தலில் சோடாவின் படம் இருந்தது. தூக்கி வருகின்ற தாயிடம் "என்ன குடித்தது?" என்று கேட்டால் உடனே சொல்லமாட்டார். அதை அங்கே வைத்தது தான்தானே என்ற வெட்கம், மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்ற பயம். இன்னும் சிலர் பதறிப்போய்ப் பிள்ளையை வாந்தி எடுக்க வைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். மண்ணெண்ணெய்க்கு அது செய்யக்கூடாத சிகிச்சை. வயிற்றில் இருந்ததை நுரையீரலுக்கு ஏற்றிவிடும்.

எங்கள் மடிக்கணினியின் கதையில் இந்த மூன்றும் நடந்தன. போத்தலை நம்பினோம். பிறகு இரண்டு நாள் வாய்திறக்கவில்லை. நடுவிலே வாந்தியும் எடுக்க வைத்தோம்.

நூற்றாண்டு வேலையைக் கெடுத்துவிட்டோம், அதுவும் ஒரு திருட்டுப் படத்தால் கெடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, எவருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வெளி வன்தட்டில் பிரதி இருந்ததுதானே. அதைச் செருகினார். தீநிரல் இன்னும் உள்ளே உயிரோடு இருந்தது. சில நிமிடங்களுக்கொருமுறை தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளும்படி அது கணினியின் நேர அட்டவணையில் ஒரு பணியை எழுதிவைத்துவிடும். வன்தட்டைக் கண்டதும் அதையும் பூட்டியது. முதல் இரவிலேயே எங்களில் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், வன்தட்டைத் தொடாதே என்று சொல்லியிருப்போம். இந்த உரையைத் தயாரிக்கும்போது எங்களுக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். அவரில் கோபித்துச் சொல்லவில்லை. வகுப்பிலே ஏதும் உடைத்துவிட்டால் ரீச்சரிடம் சொல்லலாம் என்ற தைரியம் எங்களில் எத்தனை பேருக்கு இருந்தது?

மூன்றாம் நாள் எங்கள் எல்லோருக்கும் அவருடைய முகநூல் கணக்கில் இருந்து ஒரு செய்தி வந்தது. 'இந்த வீடியோவில் இருப்பது நீயா?' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ஒரு இணைப்பு. கப்பம் கேட்ட நிரல் தனியாக வரவில்லை. கூடவே கடவுச்சொற்களைத் திருடுகின்ற இன்னொன்றையும் இறக்கியிருந்தது. உலாவியில் நாங்கள் 'நினைவில் வைத்துக்கொள்' என்று சேமித்து வைக்கின்ற கடவுச்சொற்கள், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கின்ற கணக்குகளின் அனுமதிச்சீட்டுகள் எல்லாவற்றையும் சில விநாடிகளில் அள்ளிக்கொண்டு போகும் வகை அது. அனுமதிச்சீட்டையே கொண்டுபோய்விட்டால், தொலைபேசிக்கு வருகின்ற இலக்கக் குறியீடும் காப்பாற்றாது. ஏற்கெனவே வாசலுக்குள் நிற்கிறவரைப் போல அவர்கள் நுழைந்துவிடுவார்கள்.

அந்த இணைப்பை எங்களில் இரண்டு பேர் திறந்தோம். தோழியிடமிருந்து வந்ததால் திறந்தோம். அதைவிட, அந்தக் கேள்வி எந்தப் பெண்ணின் நெஞ்சையும் ஒருகணம் நிறுத்திவிடும். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்றுதான் மனம் ஓடும். இணைப்பின் முகவரியைப் பார்க்க ஓடாது. கண்டுபிடித்தவர்கள் அதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். 2008 இல் பேஸ்புக்கில் பரவிய 'கூப்பேஸ்' என்ற புழுவும் இதே வழியில்தான் போனது. நண்பரிடமிருந்து ஒரு வீடியோ. திறந்தால் 'உங்கள் பிளாஷ் பிளேயர் பழையது, புதுப்பியுங்கள்'. புதுப்பித்தால் அதுதான் புழு. பிளாஷ் பிளேயருக்கு அதன் நிறுவனமே 2020 டிசம்பர் 31 உடன் முடிவுகட்டிவிட்டது. ஆகவே இன்றைக்கு எந்தப் பக்கமாவது பிளாஷைப் புதுப்பிக்கச் சொன்னால் அது பொய் என்பதை ஆராயாமலே சொல்லிவிடலாம்.

வீடியோவைக் காட்டி ஏமாற்றுவது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். 2011 நவம்பரில் அமெரிக்க எப்.பி.ஐ, எஸ்தோனிய நாட்டவர் ஆறு பேரைக் கைதுசெய்ய வைத்தது. அவர்கள் பரப்பிய தீநிரல் நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளில் இருந்தது. வீடியோ பார்க்க இந்தக் 'கோடெக்' தேவை என்று சொல்லி இறக்க வைப்பது அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று. அது கணினியின் முகவரிப் புத்தகத்தை மாற்றிவிடும். நாங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அவர்கள் காட்டுகின்ற வேறு இடத்துக்குப் போவோம். விளம்பரப் பணமாக 1 கோடியே 40 இலட்சம் டொலர் சம்பாதித்தார்கள். நோயுற்ற கணினிகள் ஒரேயடியாக இணையத்தை இழந்துவிடாதிருக்க, நீதிமன்ற உத்தரவுடன் மாற்றுச் சேவையகங்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது எங்கள் ஒரு சொடுக்கு மட்டும்தான்.

அண்மைய கதை இன்னும் நெருக்கமானது. 2024 டிசம்பரில் மைக்ரோசொப்ட் கண்டுபிடித்து, 2025 மார்ச்சில் வெளியிட்ட செய்தி: திருட்டுப் படங்களை ஓடவிடுகின்ற தளங்களில், வீடியோச் சட்டத்துக்குள்ளேயே பதிக்கப்பட்ட விளம்பரங்கள் பார்வையாளரை நாலைந்து பக்கங்கள் தாண்டி இழுத்துச் சென்று, கடைசியில் திருட்டு நிரலை இறக்க வைத்தன. ஏறத்தாழ பத்து இலட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டன. 'நான் இறக்குவதில்லை, அங்கேயே பார்ப்பதுதான்' என்று சொல்கின்ற அக்காமாருக்காக இதைச் சொல்கிறோம்.

இப்போது இன்னொரு புதுமுறை வந்திருக்கிறது. படம் தொடங்குமுன் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். படங்களில் பேருந்தைக் காட்டச் சொல்வதற்குப் பதிலாக, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கொன்ட்ரோலையும் வீ எழுத்தையும் அழுத்து, என்டர் தட்டு என்று சொல்லும். நீங்கள் பெட்டியைத் தொட்டபோதே ஒரு கட்டளை உங்களுக்குத் தெரியாமல் பிரதி எடுக்கப்பட்டிருக்கும். சொன்னபடி செய்தால் அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே கணினிக்கு இடுகிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மனிதன் என்று நிரூபிக்க விசைப்பலகைக் கட்டளை கேட்கின்ற நேர்மையான தளம் எதுவும் கிடையாது.

கைத்தொலைபேசியில் அதே நாடகம் வேறு உடையில் நடக்கும். 'இந்தச் செயலியைப் போட்டால் எல்லாப் படமும் இலவசம்' என்று வட்ஸ்அப்பில் ஏ.பி.கே என்று முடியும் கோப்பு வரும். பிளே ஸ்டோருக்கு வெளியில் இருந்து நிறுவ அனுமதி கேட்கும், பிறகு 'அக்செஸிபிலிற்றி' என்ற அனுமதி கேட்கும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு உதவ வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் உள்ளதை வாசிக்கவும், உங்களுக்காகத் தானே அழுத்தவும், வங்கி அனுப்புகின்ற குறியீட்டைப் பார்க்கவும் அதனால் முடியும். படம் பார்க்கும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்திகள் எதற்கு?

ஒரு கேள்வி வழமையாக வரும்: வீடியோக் கோப்புக்குள்ளேயே வைரஸ் இருக்காதா? பெரும்பாலும் இல்லை. வீடியோ என்பது ஓட்டும் செயலி வாசிக்கின்ற ஏடு மட்டுமே. தானாக எதையும் செய்யாது. ஆனால் வாசிக்கின்றவருக்கே குறைபாடு இருந்தால் ஏட்டில் எழுதியதே அவரை மயக்கிவிடலாம். 2015 இல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் 'ஸ்டேஜ்பிரைட்' என்ற குறைபாடு வெளிவந்தபோது, விசேடமாகத் தயாரித்த ஒரு வீடியோச் செய்தியே போதுமென்று காட்டினார்கள். 2017 இல் உபதலைப்புக் கோப்புகள் மூலமும் சில பிரபல செயலிகளைக் கைப்பற்றலாம் என்று கண்டறிந்தார்கள். இவற்றுக்கு மருந்து தொலைபேசியும் செயலிகளும் கேட்கின்ற புதுப்பிப்பை, அவற்றின் சொந்த அமைப்புப் பக்கத்தில் இருந்து, தள்ளிப்போடாமல் செய்வது. வேறு எவரும் தருகின்ற புதுப்பிப்பைத் தொடாமல் இருப்பது.

திருட்டுப் படமே பார்க்காதீர்கள் என்று மேடையில் நின்று உபதேசம் செய்ய எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. 1990களின் முற்பகுதியில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றருக்கு எண்ணெய் சேர்த்து, ஒழுங்கையில் உள்ள எல்லோரும் ஒரு முற்றத்தில் இருந்து விடியவிடியப் பார்த்த படங்களில் எது உண்மைப் பிரதி? பூஞ்சணம் பிடித்த கசற் ஒன்று வந்தால் டெக்கின் 'ஹெட்' அழுக்காகி, அடுத்துப் போடுகின்ற நல்ல கசற்றும் கெடும். கடைக்காரர் வந்து துடைத்துவிட்டுப் பேசிவிட்டுப் போவார். அன்றைக்குக் கெட்டது ஒரு ஹெட். இன்றைக்கு அதே கருவியில்தான் வங்கிக் கணக்கும் நோயாளிகளின் விபரமும் பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன. ஆகவே எங்கள் வகுப்பு எடுத்த முடிவு சாதாரணமானது. அம்மாவுக்கு ஒரு படம் வேண்டுமென்றால், பணம் கட்டிப் பார்க்கும் சேவை உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து போட்டுக்காட்டுவோம். வெளிநாட்டில் உள்ளவர்கள் அந்தக் கட்டணத்தை ஒரு முதியவருக்காகக் கட்டலாம். முடியாதென்றால் அடுத்த கிழமை பார்ப்போம், அம்மாவும் பொறுத்துக்கொள்வார்.

எங்கள் பதிவுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கப்பம் கட்டவில்லை. கட்டினாலும் திறப்பு வருமென்ற உறுதி இல்லை. இலவசமாகத் திறந்து தருவதாகச் சொல்கின்ற கருவிகளை இணையத்தில் தேட ஆசை வந்தது. நல்லவேளை, மெல்பேர்ணில் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கின்ற, எங்களுக்கு இரண்டு வருடம் இளைய தங்கை ஒருவர் தடுத்துவிட்டார். இதே நோய்க்கு மருந்து என்று 2020 இல் ஒரு போலிக் கருவி பரவியதாம். அது ஏற்கெனவே பூட்டியதை இரண்டாவது முறையும் பூட்டியது. ஐரோப்பியப் பொலிஸாரும் நெதர்லாந்துப் பொலிஸாரும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016 இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில்தான் முதலில் பார்க்கவேண்டும் என்றார். அங்கே எங்கள் வகைக்குரிய திறப்பு இல்லை.

ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். இந்தக் குடும்பத்துத் தீநிரல் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைற்றளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எம்.பி.3 ஒலிப்பதிவு துண்டுதுண்டாகக் கோத்த மாலை போன்றது. முன்பகுதியை வெட்டிவிட்டாலும் மிச்சம் ஓடும். அப்படியே வெட்டி எடுத்துத் தந்தார். 37 குரல்களும் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் முதல் பத்து விநாடிகள் இல்லாமல்.

அந்தப் பத்து விநாடிகளில்தான் அவர்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

எக்செல் அட்டவணை 150 கிலோபைற்றிலும் சிறியது. அது முழுவதும் போய்விட்டது. ஒளிப்படங்களில் பெரும்பாலானவையும் போயின. அல்பங்கள் வீடுகளில் இருப்பதால் அவற்றைத் திரும்பவும் பிரதி எடுக்கலாம். பதிந்தவர்களுக்கே சில குரல்கள் யாருடையவை என்று நினைவில்லை. ஒரே நாளில் முதியோர் இல்லம் ஒன்றில் பத்துப் பேரோடு பேசியிருக்கிறோம். இதற்கிடையில் இரண்டு ரீச்சர்மார் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய குரல்களை மகள்மார் அடையாளம் கண்டு சொன்னார்கள்.

இப்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம். ஒன்று அதிபர் அலுவலக அலுமாரியில், எந்தக் கணினியோடும் இணைக்கப்படாத வன்தட்டில். ஒன்று கொழும்பில். ஒன்று, கோப்பின் பழைய வடிவங்களையும் பேணுகின்ற முகில் சேமிப்பில். இப்படிச் செய்வதை மிகையென்று நினைக்கவேண்டாம். 2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கிய முகிலே கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டு, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்குப் பிரதி இல்லாமற் போனது. பாடசாலைச் சங்கங்கள் எம்மாத்திரம்?

எங்களுக்குள் இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. எதையாவது அழுத்திவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டிப்போம். எதையும் செருகமாட்டோம், எதையும் புதிதாக இறக்கமாட்டோம். பிறகு வகுப்பில் ஒருவருக்குத் தொலைபேசி எடுப்போம், நள்ளிரவென்றாலும் சரி. வேறொரு கருவியில் இருந்து மின்னஞ்சல், வங்கி, முகநூல் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, எல்லா இடத்தில் இருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துவோம். வங்கிக்குச் சொல்வோம். இலங்கையில் உள்ளவர்களுக்கு 2006 இல் நிறுவப்பட்ட 'ஸ்ரீ லங்கா சேர்ட்' இருக்கிறது; அங்கே முறைப்பாடு செய்யலாம். தொலைபேசியை எடுப்பவர் "ஏன் அழுத்தினீர்?" என்று கேட்கக்கூடாது. "எப்போது அழுத்தினீர்?" என்றுதான் கேட்கவேண்டும். இந்த ஒழுங்கு வந்த பிறகு ஆறு அழைப்புகள் வந்திருக்கின்றன. நாலு வீண் பயம். இரண்டு உண்மை. அந்த இரண்டிலும் ஒன்றும் இழக்கவில்லை. சென்ற வருடம் வெட்கப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்தான் இப்போது இரவில் அந்த அழைப்புகளை எடுக்கிறார்.

37 குரல்களில் 29 பேரை அடையாளம் கண்டுவிட்டோம். எட்டுக் குரல்களுக்கு இன்னும் பெயரில்லை. மண்டபத்தின் இடதுபக்க வாசலில் ஒரு மேசையும் கேட்பதற்கு இரண்டு ஹெட்போன்களும் வைத்திருக்கிறோம். இலக்கம் 14, விடுதியில் ஞாயிறு மத்தியானச் சோற்றுக்கு மணி அடிப்பதைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிப்பின் முடிவில் சிறிய இருமல். இலக்கம் 22, வலைப்பந்தில் தோற்ற ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறார். 'ர'கரம் கொஞ்சம் அழுத்தமாக வரும். இலக்கம் 31 பாடசாலைக் கீதத்தின் நடுவில் வரியை மறந்து நிறுத்திவிடுகிறார், பக்கத்தில் யாரோ எடுத்துக்கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் குரலும் யாரென்று தெரியவில்லை. தேநீருக்குப் போகும் வழியில் ஒருதடவை காதில் வைத்துப் பாருங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட அக்காமார் தயவுசெய்து எட்டையும் கேளுங்கள்.

இதை மலரிலே வாசிக்கின்ற, இன்று வரமுடியாத சகோதரிகள், சங்கத்தின் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தால் பதிவை அந்த அழைப்பிலேயே போட்டுக் கேட்கவைப்போம். குரல்களைக் கேட்கச் சொல்லி இணைப்பு எதையும் நாங்கள் எவருக்கும் அனுப்பமாட்டோம். அப்படியொன்று வட்ஸ்அப்பில் வந்தால், எங்களில் யாருடைய பெயரில் வந்தாலும், அது எங்களுடையது அல்ல.